கர்ப்பப்பை பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘ஈஆர் பாசிட்டிவ்’ என்று வந்தால் அதை எப்படிப் படிப்பது

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் தெரிந்த வீட்டில் யாருக்காவது கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தால், கொஞ்ச நாளில் என் வாட்ஸ்அப்புக்கு ஒரு போட்டோ வந்துவிடும். முதல் பக்கம் இருக்கும், இரண்டாம் பக்கம் இருக்காது, போன் நிழல் நடுவில் விழுந்திருக்கும். கூடவே ஒரு வரி: “தம்பி, பாசிட்டிவ்னு போட்டிருக்கு, பயப்படணுமா?” நான் டாக்டர் இல்லை. சதைப் பரிசோதனை லேபில் வேலை பார்ப்பவன். சதையை வெட்டி, மெழுகில் பதித்து, ஸ்லைடு போட்டு, சாயம் ஏற்றி டாக்டர் மேஜையில் வைக்கிற வேலை. சிகிச்சை பற்றி நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் அந்தத் தாளை எந்த வரிசையில் படிப்பது, டாக்டரிடம் என்ன கேட்பது என்று சொல்ல முடியும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதற்குள் அடக்கம். ஈஆர் என்பது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிப் புரதம், அது சதையில் இருந்தால் ‘பாசிட்டிவ்’. ஈஆர் பாசிட்டிவ் என்பதற்குத் தனியாக நல்லது கெட்டது கிடையாது. எந்த உறுப்பில், அந்த உறுப்பின் எந்தத் திசுவில், எந்த வகைக் கட்டியில் என்று தெரிந்த பிறகுதான் அந்த வரிக்கே அர்த்தம் வரும். மார்பகக் கட்டிக்காக யாரோ எழுதியதை இணையத்தில் படித்துவிட்டு அதைக் கர்ப்பப்பைக்கும் சினைப்பைக்கும் போட்டுப் பார்ப்பதால்தான் பாதிக் குழப்பம்.

சதை லேபுக்குப் போகும்போதே ரிப்போர்ட் ஆரம்பமாகிவிடுகிறது

நம் பக்கத்துச் சின்ன நர்சிங் ஹோம்களில் ஆபரேஷன் முடிந்ததும் ஒரு டப்பாவை வீட்டுக்காரர் கையில் கொடுத்து, “லேபுல குடுத்துட்டு ரசீது வாங்கிட்டு வாங்க” என்பார்கள். அந்த ஆளும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறுவார். இதில் தவறில்லை, ஆனால் டப்பாவை வாங்கும்போதே சில விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது 10 சதவீத பார்மலினா என்று சிஸ்டரிடம் கேளுங்கள். சலைனிலோ வெறும் தண்ணீரிலோ கிடந்தால் சதை அழுக ஆரம்பிக்கும், பார்க்கிற டாக்டருக்குச் செல்லின் உருவமே கிடைக்காது. சதையின் அளவைப்போல் சுமார் பத்து மடங்கு பார்மலின் வேண்டும். சதை டப்பாவை அடைத்துக்கொண்டு, மேலே இரண்டு ஸ்பூன் திரவம் நின்றால் அது போதாது. ஐஸில் வைக்க வேண்டாம், வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்கவே வேண்டாம். டப்பாவின் மேல் (மூடியில் அல்ல, மூடி மாறிவிடும்) பெயர், வயது, எந்த உறுப்பு, எடுத்த தேதி, எடுத்த நேரம் எழுதியிருக்க வேண்டும். கூட வரும் சீட்டில் கடைசி மாதவிடாய் தேதி, மாதவிடாய் நின்று எத்தனை வருடம், ஏதாவது ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டாரா என்கிற விவரங்கள் இருக்கட்டும். இந்தக் கடைசி விஷயத்தை யாரும் எழுதுவதே இல்லை. கர்ப்பப்பையின் உள்சவ்வு மாதத்தின் முதல் பாதியில் ஒரு மாதிரியும் இரண்டாம் பாதியில் வேறு மாதிரியும் இருக்கும், மாத்திரை சாப்பிட்டால் மூன்றாவது மாதிரி. தேதி தெரியாமல் பார்ப்பவர் ஊகித்துத்தான் எழுத வேண்டிவரும்.

ஏன் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன் என்றால், பார்மலின் சதைக்குள் இறங்குவது மிக மெதுவாக. மணிக்கு ஒரு மில்லிமீட்டர் என்று தோராயமாகக் கணக்கு வைத்துக்கொள்வோம். முழுக் கர்ப்பப்பையை அப்படியே திறக்காமல் டப்பாவில் போட்டால் வெளிச்சுவர் மட்டும் சாம்பல் நிறமாக இறுகியிருக்கும், உள்ளே வெட்டிப் பார்த்தால் சவ்வு இன்னும் சிவப்பாக, கொழகொழவென்று இருக்கும். நமக்கு வேண்டியதோ அந்தச் சவ்வுதான். ஹார்மோன் ஏற்பிகள் எல்லாம் புரதம், தாமதமானால் சிதையும். மார்பகத்துக்கு உலக அளவில் விதியே வைத்திருக்கிறார்கள்: எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் பார்மலினில் போட வேண்டும், அதில் 6 முதல் 72 மணி நேரம் ஊற வேண்டும். கர்ப்பப்பைக்கும் அந்த ஒழுங்கு நல்லதுதான். அதனால் “கர்ப்பப்பையைத் திறந்து போட்டிருக்கிறீர்களா?” என்று சர்ஜனிடம் கேட்பதில் தப்பே இல்லை. நீங்களாகத் திறக்க வேண்டாம், அவர் திறக்கட்டும், இல்லையென்றால் லேபில் அன்றைக்கே திறக்கட்டும்.

தாளை எந்த வரிசையில் படிப்பது

முதலில் பெயர், வயது, லேப் நம்பர். சிரிக்காதீர்கள், ஒரே பெயரில் ஒரே நாளில் இரண்டு மீனாட்சி வருகிற ஊர் இது. அடுத்து நேரே கடைசிக்குப் போங்கள், ‘இம்ப்ரெஷன்’ அல்லது ‘டயக்னோசிஸ்’ என்று இருக்கும். அதைப் படித்த பிறகு மேலே வாருங்கள். ‘குராஸ்’ என்பது கண்ணால் பார்த்தது: எத்தனை சென்டிமீட்டர், என்ன நிறம், வெட்டினால் உள்ளே எப்படி. ‘மைக்ராஸ்கோப்பி’ என்பது கண்ணாடியில் பார்த்தது. ஈஆர், பிஆர் (புரொஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோனின் ஏற்பி) எல்லாம் பெரும்பாலும் தனித் தாளில் சில நாள் கழித்து வரும், தலைப்பில் ‘ஐஹெச்சி’ என்று இருக்கும், குறிப்பிட்ட புரதங்களைச் சாயம் ஏற்றிப் பார்க்கிற சோதனை அது. அந்தத் தனித்தாளை மட்டும் யாரும் படிக்கக் கூடாது. முதல் தாள் இல்லாமல் அது பாதிக் கதை.

இம்ப்ரெஷனில் பயப்பட வேண்டாத சில வரிகள் எப்போதும் இருக்கும். ‘குரோனிக் செர்விசைட்டிஸ்’ இல்லாத கர்ப்பப்பை என் மேஜைக்கு வந்தால்தான் ஆச்சரியம். ‘நபோதியன் சிஸ்ட்’ என்பது கர்ப்பப்பை வாயில் சளிச் சுரப்பி அடைபட்டு உருவாகும் குமிழி. ‘ப்ரோலிஃபரேட்டிவ்’, ‘சீக்ரிடரி’ என்பவை மாத சுழற்சியின் எந்தப் பாதி என்பதைச் சொல்கின்றன, நோய் அல்ல. ‘ஃபாலிகுலர் சிஸ்ட்’, ‘கார்பஸ் லூட்டியம்’ என்பவை வேலை செய்கிற சினைப்பையில் வழக்கமாகத் தெரிபவை. ‘லியோமயோமா’ என்றால் நாம் ஃபைப்ராய்டு என்று சொல்கிற தசைக் கட்டி. ‘அடினோமயோசிஸ்’ என்றால் உள்சவ்வு தசைக்குள் புகுந்திருக்கிறது, வலியும் அதிக உதிரப்போக்கும் அதனால்தான்.

நின்று படிக்க வேண்டிய சொற்கள்: ‘ஏட்டிப்பியா’ (செல்லின் உருவம் மாறியிருப்பது), ‘கார்சினோமா’, ‘சார்கோமா’ (இரண்டும் புற்று வகைகள்), ‘பார்டர்லைன்’ (சாதாரணக் கட்டிக்கும் புற்றுக்கும் நடுவில்), ‘கிரேடு’, தசைச் சுவரில் பாதிக்கு மேல் ஊடுருவியதா, ரத்தக்குழாய்க்குள் கட்டிச் செல் இருக்கிறதா, நிணநீர்க் கணு எத்தனை எடுத்து எத்தனையில் இருந்தது. இவற்றையெல்லாம் படித்து முடித்த பிறகு ஏற்பித் தாளுக்குப் போகலாம்.

ஏற்பி என்றால் என்ன

ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் எவ்வளவு என்று பார்ப்பது வேறு, கட்டியில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கிறதா என்று பார்ப்பது வேறு. முதலாவது ரத்தப் பரிசோதனை, இரண்டாவது சதையில் செய்வது. ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் கடுதாசி வந்த காலத்தில் தபால்காரர் எல்லாத் தெருவும்தான் சுற்றினார், விலாசம் இருந்த வீட்டில் மட்டும்தான் கடிதம் உள்ளே போனது. ஹார்மோனும் ரத்தத்தோடு உடம்பு முழுக்கச் சுற்றும், ஏற்பி இருக்கிற செல்லில்தான் சேதி இறங்கும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி செல்லின் உட்கருவில் இருக்கிறது, அங்கே மரபணுக்களைப் பிடித்து ‘வளர், பிரி’ என்று வேலை வாங்கும். அதனால்தான் எங்கள் சாயத்தில் உட்கரு பழுப்பு நிறமானால் மட்டுமே பாசிட்டிவ் என்று எழுதுவார்கள். செல்லின் மற்ற பகுதி பழுப்பாக இருந்து உட்கரு நீலமாகவே நின்றால் அது கணக்கில் வராது.

இது தெரியவந்த கதையில் கர்ப்பப்பைக்குப் பெரிய பங்கு உண்டு. 1896இல் கிளாஸ்கோவில் ஜார்ஜ் பீட்சன் என்ற சர்ஜன் முற்றிய மார்பகப் புற்று இருந்த பெண்களுக்குச் சினைப்பையை எடுத்துப் பார்த்ததை வெளியிட்டார், சிலருக்குக் கட்டி சுருங்கியது. ஏன் சுருங்கியது என்று சொல்ல அப்போது ஈஸ்ட்ரோஜன் என்ற பொருளே கண்டுபிடிக்கப்படவில்லை. 1950களின் கடைசியில் சிகாகோவில் எல்வுட் ஜென்சன் கதிரியக்கக் குறியிட்ட ஈஸ்ட்ரோஜனை வயதுக்கு வராத எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். தசையும் மற்ற பகுதிகளும் ஹார்மோனை உள்ளே விட்டு அப்படியே வெளியே அனுப்பின, கர்ப்பப்பை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டது. பிடித்துவைக்க அங்கே ஒரு புரதம் இருக்கிறது என்று அதிலிருந்து தெரிந்தது. 1996இல் ஸ்வீடனில் யான்-ஓகே குஸ்டாஃப்சன் குழு இரண்டாவது வகை ஏற்பியைக் கண்டது. அதிலிருந்து பழையது ஆல்ஃபா, புதியது பீட்டா. உங்கள் ரிப்போர்ட்டில் வெறுமனே ஈஆர் என்று இருந்தால் அது ஆல்ஃபாதான்.

எண்களைப் பார்ப்பது, அதைவிட முக்கியமாக கன்ட்ரோலைப் பார்ப்பது

‘ஈஆர்: 80%, ஸ்ட்ராங்’ என்றால் கட்டியின் நூறு செல்லில் எண்பதின் உட்கரு ஆழ்ந்த பழுப்பு. சில லேப்கள் ‘ஆல்ரெட் 7/8’ என்று எழுதும்: எத்தனை செல் என்பதற்கு 5 வரை, எவ்வளவு அழுத்தமான நிறம் என்பதற்கு 3 வரை, கூட்டினால் 8. மார்பகத்தில் 1 சதவீதம் இருந்தாலே பாசிட்டிவ் என்பது வழக்கம், 1 முதல் 10 வரை ‘லோ பாசிட்டிவ்’. கர்ப்பப்பைக்கும் அதே கோட்டை அப்படியே இழுத்துப் போடாதீர்கள், அங்கே டாக்டர் மற்ற விவரங்களோடு சேர்த்துத்தான் பார்ப்பார்.

நெகட்டிவ் என்று வந்தால் ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: “இன்டர்னல் கன்ட்ரோல் வேலை செய்ததா?” கட்டிக்குப் பக்கத்திலேயே சாதாரண சவ்வோ கர்ப்பப்பைத் தசையோ ஸ்லைடில் இருக்கும், அவை இயல்பாகவே ஏற்பி உள்ளவை, பழுப்பாக வர வேண்டும். கட்டி நீலம், பக்கத்துச் சாதாரணச் சதை பழுப்பு என்றால் அந்த நெகட்டிவை நம்பலாம். இரண்டுமே நீலம் என்றால் சாயமோ பார்மலினோ எங்கேயோ சொதப்பியிருக்கிறது, வேறு பிளாக்கில் (சதை பதித்த மெழுகுக் கட்டி) திரும்பப் போட வேண்டும். இந்த ஒரு கேள்வியைக் கேட்கிற குடும்பத்தை லேபில் யாரும் மறக்க மாட்டார்கள், எங்கள் லேப் டாக்டர் மேடம் எழுந்து வந்தே பதில் சொல்வார்.

ஃபைப்ராய்டு

ஃபைப்ராய்டுக்கு ஈஆர், பிஆர் பார்க்கக் காசு கட்டச் சொன்னால் எதற்கு என்று கேளுங்கள். பெரும்பாலும் தேவையே இருக்காது. இரண்டுமே இருக்கும் என்பது தெரிந்த விஷயம், அதனால்தான் மாதவிடாய் நின்றபின் அவை சுருங்குகின்றன. பலருக்குத் தெரியாதது, ஃபைப்ராய்டு ஈஸ்ட்ரோஜனால் மட்டும் வளர்வதில்லை என்பது: ஈஸ்ட்ரோஜன் அதில் புரொஜெஸ்ட்ரோன் ஏற்பியைக் கூட்டிவிடும், பிறகு புரொஜெஸ்ட்ரோன் வளர்க்கும். பெரும்பான்மை ஃபைப்ராய்டுகளில் எம்ஈடி12 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பது 2011இல் தெரியவந்தது. ஆபரேஷனுக்கு முன் சுருக்குவதற்குக் கொடுக்கிற ஊசி மூளைக்குக் கீழ் இருக்கும் பிட்யூட்டரியை அமைதிப்படுத்திச் சினைப்பையைத் தற்காலிகமாக நிறுத்துகிறது, ஊசியை நிறுத்தினால் கட்டி திரும்ப வளரும்.

தசைக் கட்டியில் பார்க்க வேண்டியது ஏற்பி இல்லை. செல் எவ்வளவு வேகமாகப் பிரிகிறது, உருவம் கோணலாக இருக்கிறதா, நடுவில் செத்த பகுதி இருக்கிறதா, இந்த மூன்றும்தான். சார்கோமா சிலவற்றிலும் ஈஆர் பாசிட்டிவ் வரும், ஆகவே “ஈஆர் இருக்கு, அப்ப சாதாரணக் கட்டிதான்” என்று முடிவு கட்ட வேண்டாம். மாதவிடாய் நின்ற பிறகு ஃபைப்ராய்டு வளர்கிறது என்று ஸ்கேன் சொன்னால் சும்மா விட வேண்டாம்.

இன்னொன்று, என் சொந்த எரிச்சல். வெள்ளைப்படுதல், இடுப்பு வலி என்று போன முப்பத்தைந்து வயதுப் பெண்ணுக்குக் கர்ப்பப்பையை எடுத்து, கூடவே இரண்டு சினைப்பையையும் எடுத்து, எல்லாம் சாதாரணம் என்று நாங்கள் ரிப்போர்ட் கொடுக்கிற நாட்கள் இருக்கின்றன. சம்மதக் கையெழுத்துப் போடும் முன், சினைப்பையை எடுக்கப் போகிறீர்களா, ஏன் என்று கேளுங்கள். மாதவிடாய் நிற்கும் வயதுக்கு வெகு முன்னால் அதை எடுத்தால் எலும்புக்கும் இதயத்துக்கும் அது கணக்கு வைத்துக்கொள்ளும்.

உள்சவ்வு, ஈஆர் கதை இங்கேதான் பெரிது

மாதத்தின் முதல் பாதியில் ஈஸ்ட்ரோஜன் சவ்வை வளர்க்கும், இரண்டாம் பாதியில் புரொஜெஸ்ட்ரோன் வந்து அதை நிறுத்திப் பக்குவப்படுத்தும். நிறுத்த ஆள் வராமல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தால் சவ்வு தடித்து ‘ஹைப்பர்பிளேசியா’ ஆகும். முட்டை வெளிவராத பிசிஓஎஸ், அதிக உடல் எடை (கொழுப்புத் திசுவே மற்ற ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும்), அபூர்வமாகச் சினைப்பையில் ஈஸ்ட்ரோஜன் சுரக்கும் கிரானுலோசா செல் கட்டி, இவையெல்லாம் அதற்கு வழி. ‘வித்தவுட் ஏட்டிப்பியா’ என்று இருந்தால் 20 வருடத்தில் புற்றாக மாறும் வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் குறைவு. புரொஜெஸ்ட்ரோன் வகை மாத்திரையோ, அதைக் கர்ப்பப்பைக்குள்ளேயே கசியவிடும் சாதனமோ குறைந்தது 6 மாதம் வைத்து, மறுபடி பயாப்ஸி எடுத்துப் பார்ப்பார்கள். அந்த மறு பயாப்ஸிக்குப் போகாமல் இருப்பதுதான் நம் வீடுகளில் நடக்கிற பெரிய தப்பு, உதிரம் நின்றுவிட்டது, எதற்கு இன்னொரு தடவை என்று விட்டுவிடுகிறார்கள். ‘வித் ஏட்டிப்பியா’ என்றால் கதை வேறு, ஏற்கெனவே உள்ளே புற்று ஒளிந்திருக்கும் வாய்ப்பு கணிசம், ஆபரேஷன் பேச்சு அங்கே நியாயமானது.

புற்று என்றே வந்துவிட்டால், இங்கே ஈஆர், பிஆர் பாசிட்டிவ் பொதுவாக நல்ல பக்கத்து அடையாளம். கட்டி இன்னும் சாதாரணச் சவ்வின் குணத்தை விட்டுவிடவில்லை, ஹார்மோன் மருந்துக்குக் கட்டுப்படவும் வாய்ப்பு உண்டு. ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். 2013இல் வந்த பெரிய மரபணு ஆய்வு இந்தப் புற்றை நான்கு வகையாகப் பிரித்தது, அதன் பிறகு பி53 (செல் பிரிவதைக் கட்டுப்படுத்தும் புரதம்), டிஎன்ஏ பிழையைத் திருத்தும் எம்எம்ஆர் புரதங்கள் நான்கு, முடிந்த இடத்தில் போல்-ஈ என்ற மரபணு, இவற்றைப் பார்ப்பது வழக்கமாகிவருகிறது. பி53 தாறுமாறாக இருந்தால் ஈஆர் பாசிட்டிவாக இருந்தாலும் டாக்டர் கடுமையாகத்தான் எடுத்துக்கொள்வார். எம்எம்ஆர் புரதம் ஏதாவது இல்லை என்று வந்தால் குடும்பத்தில் குடல் புற்று, கர்ப்பப்பைப் புற்று யாருக்காவது வந்ததா என்று கேட்பார்கள். நகரத்தார் வீடுகளில் ஒன்பது கோயிலில் எந்தக் கோயில், எந்தப் பிரிவு என்று கேட்டால் டக்கென்று சொல்வார்கள், அதெல்லாம் அப்பா வழி. ஜீன் அப்படிப் பார்ப்பதில்லை. அப்பத்தா வீட்டுக் கதையோடு ஆயா வீட்டுக் கதையும் எழுதிக்கொண்டு போங்கள்.

ஆச்சிமார்களுக்கு ஒரு வார்த்தை. மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டுப் பட்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். வலி இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். மகளிடம் சொல்லவே மூன்று மாதம், மருமகளிடம் சொல்லாமலே ஒரு வருடம் துணி மாற்றிக்கொண்டிருந்தவர்களின் சதை எங்களிடம் வந்திருக்கிறது. ஸ்கேனில் சவ்வு 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் பயாப்ஸி கேட்பார்கள். அதற்குக் கீழே இருந்தும் உதிரம் தொடர்ந்து பட்டால் அப்போதும் பயாப்ஸிதான்.

இதே சவ்வின் அடியில் இருக்கும் ஸ்ட்ரோமா செல்லிலிருந்து ‘லோ கிரேடு எண்டோமெட்ரியல் ஸ்ட்ரோமல் சார்கோமா’ என்று ஒன்று வரும், அபூர்வம். அதிலும் ஈஆர், பிஆர் அழுத்தமாக இருக்கும், ஆனால் அங்கே மார்பகப் புற்றுக்குக் கொடுக்கிற டமாக்சிஃபென் மாத்திரையைக் கொடுக்க மாட்டார்கள். ஏனென்றால் அந்த மாத்திரை மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும், கர்ப்பப்பையில் ஈஸ்ட்ரோஜன் போலவே நடந்துகொள்ளும். ஒரே ஏற்பி, ஒரே மருந்து, இடம் மாறினால் வேலை தலைகீழ். மார்பகப் புற்றுக்கு டமாக்சிஃபென் சாப்பிடுகிறவர் மாத்திரையைத் தானாக நிறுத்த வேண்டாம், எந்தத் தொந்தரவும் இல்லாமல் மாதாமாதம் ஸ்கேனும் வேண்டாம், ஆனால் மாதவிடாய் நின்றவருக்கு உதிரம் பட்டால் அன்றைக்கே சொல்ல வேண்டும்.

சினைப்பை

இங்கே ஏற்பியின் முதல் வேலை அடையாளம் சொல்வது. ‘ஹை கிரேடு சீரஸ்’ என்ற புற்று வகை வந்தால் கூடவே டபிள்யூடி1, பேக்ஸ்8, பி53, ஈஆர் என்று சாயம் ஏற்றிப் பார்த்த புரதங்களின் வரிசை ஒன்று இருக்கும். இவையெல்லாம் இந்தச் செல் சினைப்பை, கருக்குழாய் குடும்பத்தைச் சேர்ந்ததுதானா, குடலிலிருந்தோ இரைப்பையிலிருந்தோ வந்து உட்கார்ந்ததா என்று பார்க்கத்தான். இந்தப் புற்றில் பெரும்பகுதி கருக்குழாயின் நுனியில்தான் தொடங்குகிறது என்று இப்போது கருதுகிறார்கள், அதனால் குழாயை முழுவதும் வெட்டிப் பார்த்தார்களா என்பதும் கேட்கத் தகுந்த கேள்வி. பரம்பரையாக வரும் மரபணு மாற்றத்தைப் பார்க்கிற பிஆர்சிஏ பரிசோதனை பற்றியும் கேளுங்கள், அது மகள்களுக்கும் மகன்களுக்கும் தேவைப்படும் தகவல். ‘லோ கிரேடு சீரஸ்’ என்றால் ஹார்மோனைத் தடுக்கும் லெட்ரசோல் போன்ற மாத்திரைக்கு அங்கே உண்மையான இடம் உண்டு.

டெர்மாய்டு என்றால் உள்ளே முடி, கொழுப்பு, சில சமயம் பல்கூட இருக்கும். பார்த்து மிரள வேண்டாம், பெரும்பாலும் சாதாரணக் கட்டி, செய்வினைப் பேச்சுக்கெல்லாம் போகாதீர்கள். அப்புறம் ரத்தத்தில் பார்க்கிற சிஏ 125. அது கூடியிருந்தால் புற்று என்று அர்த்தமில்லை, சாக்லேட் சிஸ்ட்டில் (சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிய கட்டி) கூடும், வயிற்று டிபியில் நன்றாகவே கூடும். நம் நாட்டில் வயிற்றில் நீர், சிஏ 125 அதிகம் என்று புற்றுப் பயத்தோடு வந்து டிபி என்று முடிந்த கதைகள் நிறைய. சதையைப் பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது.

கர்ப்பப்பை வாய்

இங்கே வரும் புற்று பெரும்பாலும் ஹார்மோன் கதையே இல்லை. காரணம் எச்பிவி வைரஸ், அதிலும் 16, 18ஆம் வகைகள். இதைக் காட்டிய ஹரால்ட் சூர் ஹாவ்சனுக்கு 2008இல் நோபல் கிடைத்தது. ஈஆர் இங்கே எதற்கு என்றால், கட்டி வாயிலிருந்து மேலே ஏறியதா, உள்ளிருந்து கீழே இறங்கியதா என்று தெரியாத சுரப்பிப் புற்றில். ஈஆர் நெகட்டிவ், பி16 (எச்பிவி இருந்தால் கூடுகிற புரதம்) எல்லாச் செல்லிலும் அழுத்தமாக இருந்தால் வாய்ப்பக்கம். ஈஆர் பாசிட்டிவ், பி16 திட்டுத்திட்டாக இருந்தால் உள்சவ்வுப் பக்கம். ஆபரேஷனின் வகையே இதை வைத்து மாறலாம், அதனால் இந்தத் தாள் வரும்வரை டாக்டர் காத்திருக்கச் சொன்னால் காத்திருங்கள்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு நம் பக்கத்திலேயே நடந்த ஆய்வு ஒன்றை எல்லோரும் தெரிந்துவைத்திருக்கலாம். திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கையை மையமாக வைத்து, செவிலியர்கள் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்க்கும் சோதனையைக் கிராமம் கிராமமாகச் செய்தார்கள். 2007இல் வெளியான முடிவில் புற்று வருவது 25 சதவீதமும் அதனால் இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தது. ஆகவே அரசு ஆஸ்பத்திரியில் அந்தச் சோதனைக்குக் கூப்பிட்டால் ஆச்சியையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள், வீட்டில் 9 முதல் 14 வயதுப் பெண் இருந்தால் எச்பிவி தடுப்பூசி பற்றியும் கேளுங்கள்.

இணையத்தில் ஆய்வு படிக்கிற பிள்ளைகளுக்கு

வீட்டில் படித்த பையன் ஒருவன் இருப்பான், ராத்திரி முழுக்கத் தேடி “இந்தப் பொருள் ஈஆரைத் தடுக்குதாம்” என்று ஒரு கட்டுரையோடு வருவான். தம்பி, முதலில் எதில் செய்தார்கள் என்று பார். இஷிகாவா செல், எம்சிஎஃப்-7 செல் என்று இருந்தால் அது கண்ணாடித் தட்டில். வயதுக்கு வராத எலியின் கர்ப்பப்பை எடை என்று இருந்தால் அது எலியில். இரண்டும் பயனுள்ள வேலைதான், ஆனால் அம்மாவின் மாத்திரையை மாற்ற அவை போதாது. மனிதரில் என்றால் எத்தனை பேர், எதோடு ஒப்பிட்டார்கள், எந்த உறுப்பின் கட்டி, ஆல்ஃபாவா பீட்டாவா என்று பார். சோயாவில் இருக்கும் ஜெனிஸ்டீன் பீட்டாவைத்தான் கூடுதலாகப் பிடிக்கும், அதை ஆல்ஃபாவுக்கு எழுதிய கட்டுரையோடு முடிச்சுப் போடக் கூடாது.

உளுந்தங்களி பற்றிக் கேட்காத ஆளே இல்லை. பெண் பெரியவளானால் கொடுக்கிற களி, அதில் ஹார்மோன் இருக்கிறதாமே, ஈஆர் பாசிட்டிவ் ஆளுக்குக் கொடுக்கலாமா என்று. தாவர ஈஸ்ட்ரோஜன் சோயாவில் இருக்கும் அளவுக்கு உளுந்தில் இல்லை. களியைச் சாப்பாடாகச் சாப்பிடுவதை யாரும் தடுக்கப்போவதில்லை, சர்க்கரை இருந்தால் கருப்பட்டியின் அளவைப் பாருங்கள். ‘கர்ப்பப்பைக்கு நல்லது’ என்று பொட்டலத்தில் விற்கிற பொடியும் லேகியமும் வேறு விஷயம், அவற்றின் பெயரை டாக்டரிடம் சொல்லாமல் தொடாதீர்கள்.

பிளாக்கும் ஸ்லைடும்

இன்னொரு டாக்டரிடம் காட்ட வேண்டுமென்றால் ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. மெழுகு பிளாக்கையும் ஸ்லைடையும் லேபில் கேளுங்கள், ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் தருவார்கள். பிளாக்கின் ஓரத்தில் இருக்கிற நம்பர் ரிப்போர்ட் நம்பரோடு ஒத்துப்போகிறதா என்று கவுன்டரிலேயே பாருங்கள். எல்லா பிளாக்கும் தேவையில்லை, கட்டி நன்றாக இருக்கிற ஒன்றிரண்டும் அதோடு சாதாரணச் சதை உள்ள ஒன்றும் போதும், எது என்று லேப் டாக்டர் குறித்துக் கொடுப்பார்.

போக வேண்டிய இடம் பக்கத்தில் என்றால் சிவகங்கை, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரிகள், மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரி. சென்னை என்றால் அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட், 1954இல் அதைத் தொடங்கியவர் நம் பக்கத்துப் புதுக்கோட்டைப் பெண்ணான முத்துலட்சுமி ரெட்டி. விடியற்காலைப் பல்லவனில் போகிறவர்கள் பிளாக்கைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மே மாத வெயிலில் காரின் டாஷ்போர்டில் வைத்துவிட்டு இட்லி சாப்பிடப் போகாதீர்கள், மெழுகு இளகினால் சதை இடம் மாறிவிடும். ஸ்லைடை அதற்கான பிளாஸ்டிக் பெட்டியில் கேட்டு வாங்குங்கள், பேப்பரில் சுற்றினால் உடையும். ஃபைலில் முதல் தாள், ஐஹெச்சி தாள், ஸ்கேன், ஆபரேஷன் குறிப்பு, சாப்பிடுகிற மாத்திரைப் பட்டியல் இந்த வரிசையில் இருக்கட்டும். எனக்கு போட்டோ அனுப்புவதானால் இரண்டு பக்கமும் அனுப்புங்கள்.